பிளேன்டீயின் நிறம்

என் கொப்பியின் முதல் பக்கத்தில் நான்கு விஷயங்கள் மட்டும் எழுதியிருக்கிறேன். கஜேந்திரன். வாவிக்கு மேலே உள்ள ஹோட்டல். செவ்வாயும் வியாழனும், மாலை ஐந்து முதல் ஏழு வரை. அவசரப்படக் கூடாது.

நாலாவதை இரண்டு தரம் அடிக்கோடிட்டிருக்கிறேன். எனக்கு என் மேல் நம்பிக்கை குறைவு. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால், பூட்டினேனா இல்லையா என்று மடவளை வரைக்கும் யோசிப்பவள் நான். அதனால் எதையும் எழுதி வைத்துக்கொள்வேன். பழிவாங்குவதையும் அப்படித்தான் செய்ய முடியும் என்று தோன்றியது.

என் பகல் வேலை வத்தேகமையில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுப்பது. வீடு பன்வில பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா கொழுந்து பறிக்கிறாள். அண்ணன் கிறிஸ்ரி பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடிக்கிறான். முன்பு அவன் அந்த வாவி ஹோட்டலில் நாலு வருடம் ஸ்டுவர்டாக இருந்தான். வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் போட்டு அவன் நிற்கிற படம் இப்போதும் எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பு, டிசம்பரில் நத்தார் முடிந்த வாரம், கொழும்பிலிருந்து ஒரு நகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். சாப்பாடு முடிந்ததும், இருப்பதிலேயே விலை கூடிய இனிப்பு வைன் எது என்று கேட்டார். ஹோட்டல் முதலாளி சேதுராமன் ஒரு ஏலத்தில் எடுத்து வைத்திருந்த மூன்று சின்னப் போத்தல்கள் இருந்தன. ஜெர்மன் வைன், 1976ஆம் வருடத்தது, பழுப்புக் கண்ணாடி. அவற்றில் ஒன்றை அண்ணன் சமையலறைக்குப் பக்கத்துப் பென்ரியில் திறந்து ஐஸில் வைத்து, பிறகு மேசைக்குக் கொண்டுபோய் ஊற்றினான். அங்கே வழக்கமே அதுதான்.

வைன் பிளேன்டீ நிறத்தில் விழுந்தது.

"என்னப்பா இது? இவ்வளவு காசுக்குத் தேயிலைச் சாயத்தண்ணியா?" என்றாராம் நகைக்கடைக்காரர்.

கஜேந்திரன் சேரைக் கூப்பிட்டார்கள். அவர்தான் சாப்பாட்டுப் பகுதிக்கு மனேஜர். கண்டி டவுன்காரர். வைனில் அவர் சொன்னால் அது தீர்ப்பு. கிளாஸை எடுத்து மூக்கை உள்ளே விட்டார். நகைக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க சேர். நம்ம ஆளு குடிச்சிட்டுப் பிளேன்டீய ஊத்தி வச்சிருக்கான். தோட்டத்துல பொறந்தவன், சாயம் கலக்க இவனுக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்வான். வேலை போனதைக் கூட அவ்வளவு சொன்னதில்லை.

அண்ணன் குடிக்க மாட்டான். அப்பாவைக் கசிப்புச் சாராயம் எடுத்துக்கொண்டு போன வருடம், பதினாறு வயதில், அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் கை நீட்டிச் சத்தியம் செய்தவன். அதை அவன் அன்று சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்பார்கள்? முதலாளி வந்து நிறத்தைப் பார்த்து, மிச்சத்தைக் கை கழுவும் வாசினில் ஊற்ற விட்டார். சேவைக் கடிதம் இல்லாமல் அண்ணனை அனுப்பினார்கள். கண்டியில் எந்த ஹோட்டலுக்குப் போனாலும், "ஓ, அந்தப் பிளேன்டீக்காரனா?" என்றார்கள். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி, கடைசியாக வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் கொண்டுவா என்றது. ஒவ்வொரு வருடமும் அதே பதில். அவர்கள் முப்பது வயது வரைக்கும்தான் எடுப்பார்கள். இந்த நவம்பரில் அண்ணனுக்கு முப்பது. ஏஜென்சியின் நேர்முகம் ஒக்டோபரில்.

எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். அதோடு, அண்ணன் நின்ற அதே அறையில் கஜேந்திரன் நிற்க வேண்டும். யாராவது சிரிக்க வேண்டும். இரண்டாவதைத்தான் அதிகம் விரும்பினேன் என்பதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

மே மாதம், கஜேந்திரன் அந்த ஹோட்டலில் நடத்துகிற வைன் வகுப்பில் சேர்ந்தேன். எஸ். அஞ்சலா என்று கையெழுத்துப் போட்டேன். எஸ் என்று தொடங்கும் அப்பாக்கள் கண்டியில் ஆயிரம் பேர். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வகுப்பில் பதினொரு பேர். பெண்கள் இரண்டு பேர். முதல் மாதம் சாதாரண வைன்கள். இரண்டாவது மாதம் அவர் தன் விருப்பமான பாடத்துக்கு வந்தார்: பூஞ்சணம் பிடித்த திராட்சையின் இனிப்பு வைன்.

"காலையில பனி, மத்தியானம் வெயில். அப்பத்தான் இந்தப் பூஞ்சணம் வரும்," என்றார். "தோல்ல ஊசி முனை மாதிரி ஓட்டை போடும். தண்ணி ஆவியாப் போயிடும். மிச்சம் இனிப்பும் புளிப்பும். பார்க்கச் சாம்பல் பூத்த முந்திரிகை வத்தல், காஞ்ச திராட்சை. நாம குப்பையில போடுறத அவங்க பொன் விலைக்கு விக்கிறாங்க. ஒரே நாள்ல பறிக்கவும் மாட்டாங்க. எது பதமோ அத மட்டும். திரும்பத் திரும்ப அதே வரிசைக்கு வருவாங்க."

கொழுந்தும் அப்படித்தான், சுற்றுச் சுற்றாக, என்று எழுதிக்கொண்டேன். அவர் நன்றாகப் பாடம் நடத்தினார். அதையும் எழுதினேன். உண்மையாக இருப்பதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பிழையாகிவிடும் என்று ஒரு பயம்.

ஆளுக்கு ஒரு கரண்டி அளவு சோட்டேர்ன் என்ற பிரெஞ்சு இனிப்பு வைன் ஊற்றினார்கள். தேன் நிறம். மணந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கரும்பலகையில் அவருடைய பட்டியல் இருந்தது: ஏப்ரிகொட், குங்குமப்பூ, தேன், இஞ்சி, மாமலேட். நான் ஏப்ரிகொட் சாப்பிட்டதில்லை. எனக்கு மணந்ததைச் சொன்னேன்.

"வெயில்ல காஞ்ச பலாச்சுளை சேர். தோடம்பழத் தோல். அப்புறம்... கொஞ்சம் கியூட்டெக்ஸ்."

"பலாச்சுளையா?" அவர் கரும்பலகையைத் தட்டினார். "இதுல எங்கம்மா பலா இருக்கு? பிரான்ஸ்ல பலா மரம் இருக்கா? கியூட்டெக்ஸ் ஒங்க கையில இருந்து வருது. கழுவிட்டு வாங்க."

என் நகத்தில் கியூட்டெக்ஸ் இல்லை. போய்க் கழுவிவிட்டு வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், ஹபீலைத் தவிர.

ஹபீல் அக்குறணைக்காரர். மாலைதீவு ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வைன் பரிமாறத் தெரிய வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். "சேர், நான் வாயில வெக்க மாட்டன், மணந்து மட்டும் பாக்கிறன்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, கியூட்டெக்ஸ் ஈக்கு. எனக்கும் வந்திச்சி," என்று வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "நல்ல பழைய அத்தர் போத்தல் மூடியிலயும் அந்த மணம் வரும். நீங்க வீட்டுல பழகிப் பாருங்களன்."

"எப்படி? வைன் ஸ்டோர்ஸ்ல பொம்பளைக்கு விக்க மாட்டாங்களே, சட்டம் அப்படி. நீங்க வாங்கித் தாறீங்களா?"

"நானா? வாப்பாட கூட்டாளிமார் கண்டா என்னய உரிச்சுத் தொங்கப் போடுவாங்க."

இரண்டு பேருமே வாங்க முடியாத ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். அதனால் வகுப்பில் கிடைக்கிற ஒவ்வொரு கரண்டிக்கும் நான் ஒரு பக்கம் எழுதினேன். அவருடைய பட்டியலை இடது பக்கமும், என் மூக்குக்கு வந்ததை வலது பக்கமும்.

ஜூன் கடைசியில் கஜேந்திரன் என்னிடம் ஒரு கட்டுத் தாளைத் தந்தார். "நீங்க போட்டோகொப்பிக் கடையிலதானே வேலை? பன்னெண்டு செட் எடுத்துட்டு வாங்க." அவரே தமிழில் தட்டெழுதிய பாடக் குறிப்புகள். மறுநாள் கடையில் ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தேன். ஏழாவது தாளில் இப்படி இருந்தது:

"பழைய இனிப்பு வைன்கள்: வருடம் போகப் போக நிறம் இருளும். முதலில் பொன், பிறகு செம்பு, முப்பது நாற்பது வருடத்தில் பிளேன்டீயின் நிறம். இது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால் பொறுமையாக விளக்கவும்."

அடியில் தேதி: 2019 மார்ச்.

மெஷினின் வெளிச்சம் அந்தத் தாளுக்குக் கீழே போய்த் திரும்பி வந்தது. அதுவரைக்கும், அவருக்கும் தெரியாமல் நடந்த பிழை என்று என் மனதில் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணனுடைய நத்தாருக்கு இரண்டு வருடத்துக்கும் மேலாக முன்பே அவர் இதை எழுதியிருக்கிறார். பிளேன்டீயின் நிறம் என்று அவர் கையாலேயே தட்டெழுதியிருக்கிறார். பதின்மூன்றாவது பிரதி ஒன்று எனக்காக எடுத்தேன்.

ஆனால் ஏன்? தெரிந்த மனிதர், கிளாஸை மணந்தும் பார்த்த மனிதர், ஏன் அப்படிச் சொன்னார்? எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லாமல் எதையும் செய்ய எனக்குத் துணிவு வராது.

பதிலை ஹபீல் கொண்டுவந்தார், ஷொப்பிங் பையில் கட்டி. ஜூலை மாதம், தூரியான் காலம். வீட்டுக்கு வாங்கிய பழத்தைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டார். அஞ்சரை மணிக்கு அறை முழுக்க அந்த மணம் ஏறியது. ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஒருத்தி சால்வையால் மூக்கைப் பொத்தினாள். கஜேந்திரன் சேர் தன் பாட்டுக்கு, கையில் கிளாஸோடு, மூக்கை அதன் விளிம்பில் வைத்து, "இப்ப எனக்கு மெல்லிசா குங்குமப்பூ வருது," என்றார்.

"சேர், எங்களுக்குத் தூரியான் வருது," என்றது பின் வரிசை.

ஒரு கணம் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சிரித்தார். "தெரியும் தெரியும். யார் சொல்றீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். யாருடையது? வெளியில வைங்க."

நான் எழுதினேன்: தூரியான், 5.30 முதல் 5.50 வரை, அவருக்குத் தெரியவில்லை.

ஒரு தரம் என்பது ஒன்றும் இல்லை. சளி பிடித்துத் தடிமனாக இருந்திருக்கலாம். ஒரு மாதம் பார்த்தேன். தும்மல் இல்லை, கைக்குட்டை இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மண்ணெண்ணெய் தொட்ட துணியொன்றை அவருடைய மேசை லாச்சிக்குள் வைத்தேன். லாச்சியை மூன்று தரம் திறந்து மூடினார். ஆகஸ்டில் திறந்த ஒரு போத்தல் கோர்க் கெட்டு, நனைந்த சாக்கு மணம் அடித்தது. வகுப்பே முகம் சுளித்தது. அவர் போத்தலின் லேபிளைப் படித்துவிட்டு, "தேன், ஏப்ரிகொட். அருமை," என்றார்.

மூன்று தரம். ஒவ்வொரு தரமும் அவருடைய சொற்கள் மாறவேயில்லை. என் கொப்பியின் இடது பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி. இந்த மனிதருக்கு மணம் தெரியாது. அண்ணனுடைய கிளாஸுக்குள் மூக்கை விட்டபோதும் தெரிந்திருக்காது. நல்ல வைனா, சாயத்தண்ணியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டால் அவர் வேலை போகும். தெரியும் என்று சொல்லி நகைக்கடைக்காரர் பக்கம் நின்றால் அண்ணன் வேலை போகும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஆகஸ்ட் கடைசியில், வகுப்புக்கு முன்னால், பென்ரி வாசலில் அவர் சமையல்காரரிடம் ஒரு பால் பாக்கெட்டை நீட்டி, "இது கெட்டிருச்சா பாரு," என்று கேட்டதைக் கண்டேன். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. அதை எழுதிவிட்டு வெட்டினேன். பிறகு வெட்டியதற்குப் பக்கத்திலேயே மறுபடி எழுதினேன். அதற்கு அடுத்த வரி: அண்ணன் இன்றைக்கு எண்ணூறு பெட்டி மடித்தான்.

செப்டெம்பர் இரண்டாவது வியாழன் சான்றிதழ் கொடுக்கிற நாள். முதலாளி சேதுராமன் வருவார். வெள்ளைச் சேர்ட்டும் திருநீறுமாக, டவுனில் மூன்று கடைகள் வைத்திருக்கிற மனிதர். அந்த ஜெர்மன் போத்தல்கள் இன்னும் இரண்டு இருந்தன. அண்ணனை அனுப்பிய மறுநாள், முதலாளி அவற்றின் கழுத்தில் தாள் ஒட்டித் தன் கையெழுத்தை இட்டு அலுமாரியில் வைத்திருந்தார். அதன் பிறகு யாரும் திறக்கவில்லை. கஜேந்திரன் திறக்க விடவில்லை என்று சமையல்காரர் சொன்னார்.

திட்டத்தை ஒன்பது தரம் திருத்தி எழுதினேன். போத்தல் திறக்கப்பட்டால் நிறம் தெரிந்துவிடும். அப்போது அவர், அன்றைக்கு மணத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்வார். வேறு வழி அவருக்கு இல்லை. சொன்னால், மணக்கச் சொல்லி இரண்டு கிளாஸ் நீட்ட வேண்டும். ஒன்றில் வைன், ஒன்றில் பிளேன்டீ. ஆனால் இரண்டு கிளாஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி வாய்ப்பு அவருக்கு. அந்தப் பாதியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. இது நியாயமா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இன்னும் அது அங்கேயே இருக்கிறது.

அன்று தேநீர் பரிமாறும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு ஜக்கு பிளேன்டீயைச் சீனி போட்டு ஆற வைத்தேன்.

சான்றிதழ்கள் முடிந்தன. படம் எடுத்தார்கள். முதலாளி நல்ல குஷியில் இருந்தார். "வேற என்ன வேணும் பிள்ளைகளுக்கு?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். "ஐயா, சேர் எங்களுக்குப் பழைய வைனோட நிறத்தப் பத்திப் படிச்சுக் குடுத்தாரு. நாங்க கண்ணால கண்டதில்ல. ஒங்ககிட்ட ரெண்டு போத்தல் இருக்காமே, கண்டியிலயே வேற எங்கயும் இல்லாத போத்தல்..."

"இருக்குதானே!" முதலாளியின் நெஞ்சு நிமிர்ந்தது.

"அது வேணாம் முதலாளி," என்றார் கஜேந்திரன். "அது காட்சிக்கு வச்சது. தெறந்தா வீணாப் போயிடும்."

"மூணு வருஷமாக் காட்சியா? அது என்ன, தலதா பெரஹரா ஊர்வலமா? கொண்டாய்யா. நானும் ஒரு நாள் பார்க்கணும்தானே."

போத்தல் வந்தது. முதலாளி தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, "என்டதுதான்," என்று சொல்லித் தாளைக் கிழித்தார். கஜேந்திரன் கோர்க்கை இழுத்தார். ஊற்றச் சொல்லி என்னிடம் தந்தார். அவர் கை குளிர்ந்திருந்தது.

வைன் பிளேன்டீ நிறத்தில் விழுந்தது.

முதலாளி கிளாஸைத் தூக்கி லைட்டுக்கு நேராகப் பிடித்தார். "இது என்ன? அதே கலரு. இதையும் எவனாவது..." தன் கையிலிருந்த கிழிந்த தாளைப் பார்த்தார். "இல்லையே. நான் ஒட்டினது அப்படியே இருந்துச்சே."

"பழசானா இப்படித்தான் இருக்கும் முதலாளி," என்றார் கஜேந்திரன்.

"அப்ப அன்னைக்கு அந்தப் பொடியன் ஊத்தினது?"

"அன்னைக்கு நான் கலரப் பார்த்துச் சொல்லல. மணந்து பார்த்துத்தான் சொன்னேன். தேயிலை மணம் அப்பட்டமா அடிச்சுச்சு. என்ட மூக்கு பிழைக்காது முதலாளி."

சொல்லிவிட்டார். கொப்பியில் நான் எழுதியிருந்த வார்த்தைகளோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. எனக்கே பயமாக இருந்தது.

"சேர்," என்றேன். "அத நாங்களும் படிச்சுக்கலாமா? ஒண்ணு பிளேன்டீ, ஒண்ணு வைன்னு வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு? ஹபீல் அண்ணன் மாதிரி, வாயில வைக்காம."

"நல்ல யோசனை," என்றார் முதலாளி. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பக்க மேசைக்குத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கிளாஸ் நிரப்பினேன். கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். ஒரே நிறம். கஜேந்திரன் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இடது கிளாஸை எடுத்தார். சுழற்றினார். மூக்கை ஆழமாக விட்டார். வலது கிளாஸ். மறுபடி இடது. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று வரை வந்தது.

"இது," என்று வலது கிளாஸைத் தூக்கினார். குரல் வகுப்பில் வருகிற அதே குரல். "இதுதான் வைன். ஏப்ரிகொட் முதல்ல வருது. பின்னால குங்குமப்பூ, தேன். நாற்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த மாமலேட் அப்படியே நிக்கிது. மத்தது வெறும் சாயத்தண்ணி."

முன் வரிசையில் இருந்த ஹபீல் எழுந்து இரண்டையும் வாங்கி மணந்தார். அவர் முகம் கோணியது. "சேர்... இது ரெண்டும் பிளேன்டீ."

"என்னது?"

"ரெண்டும். சீனி போட்ட பிளேன்டீ. இந்தா, நீங்களே பாருங்க முதலாளி."

முதலாளி மணந்தார். பிறகு ஒரு மிடறு குடித்தே பார்த்தார். பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி மூக்கால் விட்டார்கள். பிறகு இன்னொருவர். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. நான் மூன்று வருடம் காத்திருந்த சிரிப்பு. நினைத்ததை விடச் சத்தமாக இருந்தது.

"கஜேந்திரன்," என்றார் முதலாளி. "பிளேன்டீயில ஏப்ரிகொட்டா?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "கொரோனாவுல போனது முதலாளி," என்றார் மெதுவாக. "திரும்பி வரும் வரும்னு பார்த்தேன். வரல."

"அப்ப அந்தப் பொடியன்?"

நான் பைலைத் திறந்து ஏழாம் தாளை முதலாளியிடம் கொடுத்தேன். தேதியில் விரலை வைத்தேன்.

"நீ யாரும்மா?"

"கிறிஸ்ரியோட தங்கச்சி ஐயா."

முதலாளி தாளை இரண்டு தரம் வாசித்தார். அவருக்குக் கோபம் வந்தது அண்ணனுக்காக இல்லை என்று நினைக்கிறேன். நகைக்கடைக்காரர் முன்னால் நல்ல போத்தலைச் சாயத்தண்ணி என்று தானே வாசினில் ஊற்ற விட்டதற்காக. எனக்கு எந்தக் கோபமாக இருந்தாலும் சரிதான். "நாளைக்குச் சாவியக் குடுத்துட்டுப் போயிடு," என்று கஜேந்திரனிடம் சொன்னார். என்னிடம், "ஒனக்கு என்ன வேணும்?" என்றார். தட்டெழுதிக் கொண்டுபோயிருந்த சேவைக் கடிதத்தை எடுத்தேன். நாலு வருடம், நன்னடத்தை, தவறான குற்றச்சாட்டு, வருந்துகிறோம். இரண்டு பிரதி. வாசித்துவிட்டு, சீல் குத்துவதற்கு ஒபிஸுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

எல்லோரும் வெளியே போனார்கள். கடிதம் வரும் வரை நான் பக்க மேசையில் உட்கார்ந்து, உண்மையான வைனைக் கொஞ்சம் ஊற்றி, கொப்பியைத் திறந்தேன். எழுதினேன். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் மணந்ததில்லை. இரண்டு பக்கம் நிறைந்தது. விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணினேன், எழுபத்தொன்று.

நிமிர்ந்தபோது கஜேந்திரன் எதிரே நின்றார். நான் அவரும் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் கையில், முதலாளி லைட்டுக்குப் பிடித்த அந்த முதல் கிளாஸ். அதில் இருந்தது நிஜமான வைன். கொஞ்சம் குடித்திருந்தார்.

"இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியுது," என்றார். "வாங்கின நாள்லேர்ந்து இதத் தெறக்கணும்னு ஆசை. அதுக்குள்ள மூக்கு போயிடுச்சு." என் கொப்பியைப் பார்த்தார். "அஞ்சலா. இது எப்படி மணக்குது?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை. பால் பாக்கெட்டை நீட்டியபோது இருந்த முகம்.

இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. மை கூடக் காயவில்லை. வாசித்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

கொப்பியை மூடினேன்.

"பட்டியல்ல இருக்கு சேர்," என்றேன். "ஏப்ரிகொட், குங்குமப்பூ, தேன், இஞ்சி, மாமலேட்."

அவர் தலையை ஆட்டினார். கிளாஸை மேசையில் வைத்தார், துளி சிந்தாமல், பயிற்சி பெற்றவர்கள் வைக்கிற மாதிரி. போய்விட்டார்.

வத்தேகம பஸ்ஸில் என்னை நானே சோதித்துப் பார்த்தேன். இரக்கம் இருக்கிறதா என்று தேடினேன். மடவளையில் தேடினேன், வத்தேகமையில் பஸ் மாறும்போதும் தேடினேன். கிடைக்கவில்லை. நான் சரியாகத் தேடவில்லையோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தது.

அண்ணன் கடிதத்தை மின்குமிழுக்குக் கீழே வைத்து வாசித்தான். பிறகு அம்மாவிடம் கொடுத்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சீலைத் தடவிப் பார்த்தாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரித்ததைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

"அந்தாளு கேட்டப்ப சொல்லியிருக்கலாமே," என்றான் கடைசியில். "அதுல என்னா கொறஞ்சிரும்?"

"நீ அந்த ஒரு போத்தலால மூணு வருஷம் பெட்டி மடிச்ச. நீ மணந்து பார்த்தியா?"

"நான் எங்க மணந்தேன். தெறந்தேன், ஐஸ்ல வச்சேன், ஊத்தினேன்."

"அப்ப ஒனக்குத்தான் மொதல்ல."

கொப்பியைத் திறந்தேன். அவன் கால்களை மடித்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நான் வாசித்தேன். தீயில் கருக விட்ட சீனி. கருப்பட்டியில் செய்த பெருநாள் வட்டிலப்பத்தின் அடி, ஏலத்தோடு. வெயிலில் கிடந்து கறுத்த பலாச்சுளை. தோடம்பழத் தோல். மழை விட்ட பிறகு விறகுக் கட்டுக்கு அடியில் முளைக்கிற காளான். எண்ணெய் மாதிரி இறங்கும், பிறகு காமரங்காய்ப் புளிப்பு மாதிரி நறுக்கும். கோயில் அலுமாரியில் பழைய பூசை உடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லிசாக, கியூட்டெக்ஸ்.

"கியூட்டெக்ஸா?" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"ஆமாண்ணே. கையைக் கழுவிட்டுத்தான் மணந்தேன்."

"தேயிலை மணம் எங்கயாவது இருந்துச்சா?" என்று கேட்டான். "நல்லாப் பாரு."

இரண்டு பக்கத்தையும் விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்தேன். இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

"இல்லண்ணே."

"திரும்ப வாசி," என்றான். "மொதல்லேர்ந்து."